பாசிப்பழுப்பு மை

பேனா சரியாக எழுதவில்லை என்று கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருடைய பேனாவில் ஒரு குறையும் இருக்காது. குறை பிடிக்கிற விதத்தில் இருக்கும், தாளில் இருக்கும், சில சமயம் அன்றைய மனநிலையில் இருக்கும். அதை அவர்களிடம் சொல்லக் கூடாது. பேனாவை வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, மெருகுத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தால் போதும். "இப்பதான் நல்லா ஓடுது" என்று முகம் மலர்ந்து போவார்கள். இதை ஏமாற்று என்று நான் நினைத்ததில்லை, சயோ சான். வந்தவர் நிம்மதியாகப் போகிறார், அவ்வளவுதான்.

உட்காருங்கள். மேசை ஓரத்தில் மட்டும் சாய வேண்டாம், மை காயாமல் இருக்கலாம். கறுப்புத் துணியில்கூட இந்த மை தெரியும்.

உங்கள் அம்மா எதற்கு அனுப்பினார் என்று தெரியும். நாளைக் காலை சவப்பெட்டியை மூடுவதற்கு முன், உங்கள் அக்கா இயோரி எழுதிய தாள்களை அவளோடு வைக்க வேண்டும். வீட்டில் இருப்பவை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது. தருகிறேன். ஆனால் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேறொன்றும் கேட்டீர்கள். எனக்கு எப்போது தெரியும் என்று. தொகுனாகா அம்மா உங்களிடம் பேசியிருப்பார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இருக்காது, நல்ல மனுஷி. இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் பேனாப் பிரியர் கூட்டம் பெரியதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், கடைத்தெருவில் இருக்கிற காப்பிக் கடையின் மாடியில் கூடுவோம். ஆளுக்கு நாலைந்து பேனா கொண்டுவருவார்கள், ஒருவர் பேனாவால் இன்னொருவர் எழுதிப் பார்ப்பார், மைகளைச் சின்னக் குப்பிகளில் பகிர்ந்துகொள்வோம். கப்பலுக்கு வண்ணம் அடித்து ஓய்வு பெற்ற ஹமாசாகி கிழவர் வருவார். அவரிடம் உள்ள மைப்புட்டிகளை வைக்கவே ஓர் அறை வேண்டும். "இதெல்லாம் எழுதித் தீரணும்னா நான் இன்னும் முன்னூறு வருஷம் இருக்கணும். அதுவரைக்கும் சோறு யாரு போடுறதுன்னு என் பொண்டாட்டி கேக்குறா" என்பார், ஒவ்வொரு முறையும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தொகுனாகா அம்மா வருவார். கப்பல் பட்டறையில் அளவு பார்க்கிற வேலை எனக்கு, மெல்லிய வித்தியாசங்கள் கண்ணில் படும். அதனால் கூட்டத்தில் நிப்பு சரிசெய்வது என் பொறுப்பு. பெரிய ஊர்களில் கடைக்காரர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஆளை உட்கார வைத்துப் பேனாவுக்கு வைத்தியம் பார்ப்பார்கள், பேனா டாக்டர் என்று பெயர். ஹமாசாகி எனக்கும் விளையாட்டாக ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கிக் கொடுத்தார். நான் அதை ஒழுங்காகத் துவைத்துப் போட்டுக்கொள்வேன்.

உங்கள் அக்கா வந்தது மூன்று வசந்தத்துக்கு முன்னால். நேராக என் மேசைக்கு வந்தாள்.

"டாக்டரு நீங்கதானா?"

"கோட்டு மட்டும்தாங்க."

"என் பேனாவுக்கு ஏதோ சீக்கு. வரி ஆரம்பத்துல நல்லா இருக்கு. முடியறதுக்குள்ள எழுத்து கூனிக்குறுகிப் போகுது. கல்யாண மண்டபத்துல விருந்தாளிங்க பேரு எழுதுறதுதான் எனக்கு வேலை. 'மாப்பிள்ளையோட மாமா பேரை எறும்பு எழுதுன மாதிரி இருக்கு'ங்கறாரு எங்க மேனேஜரு."

"எறும்புக்கு என்ன சம்பளமாம்?" என்றார் ஹமாசாகி.

"எறும்பைவிடக் கம்மிதான் தாத்தா."

"தாத்தாவாமில்ல. இந்தப் பொண்ணுக்கு என் மை ஒரு சொட்டு கிடையாது, சொல்லிட்டேன்."

சொன்னாரே ஒழிய அன்றே மூன்று குப்பி நிரப்பிக் கொடுத்தார்.

பேனாவைச் சரிசெய்வதற்கு முன் எழுதச் சொல்லிக் கையைப் பார்ப்பது முறை. எல்லாருக்கும் ஒரே எழுத்துதான், முடிவில்லாத காலத்தைக் குறிக்கிற அந்த எழுத்து. நம் எழுத்துக்கலையின் எட்டு வகைக் கோடுகளும் அந்த ஒரே எழுத்தில் வந்துவிடுவதால் பேனாவை அதைக் கொண்டே சோதிப்போம். உங்கள் அக்கா அதை ஒரு வரி முழுக்க எழுதினாள். முதலாவது கட்டைவிரல் நகமளவு, கடைசி எள்ளளவு. இடையில் எங்கும் உடைவு இல்லை. தெருவின் கோடியை நோக்கி ஒருவர் நடந்துபோகிற மாதிரி ஒரே சீராகச் சிறுத்துக்கொண்டே போனது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், கெய்ஜி என்று பெயர். அவன் எழுத்தும் ஒரு நாள் இப்படிச் சிறுக்கத் தொடங்கியது. சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டினார். "பெருசா எழுதுடா, மை என்ன உங்கப்பன் வீட்டுக் காசா?" என்பார், அவர்தான் அப்பன் என்பதை மறந்துவிட்டு. பிறகு பேச்சு குழறியது, எச்சில் வழிந்தது. அதன் பிறகுதான் மருத்துவமனை. சாப்பாட்டில் வருகிற செம்பை அவன் உடம்பு வெளியே தள்ளுவதில்லை என்றார்கள். அது ஈரலில் சேர்கிறது, மூளையில் சேர்கிறது, கருவிழியின் ஓரத்தில் வளையமாகப் படிகிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு கிழவனாகும்வரை இருந்திருப்பான். எங்கள் வீட்டில் தாமதமாகிவிட்டது. இதே வார்த்தைகளைத்தான் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே அந்த முதல் ஞாயிறன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தை வைத்து, முன்பின் தெரியாத பெண்ணிடம் எதைச் சொல்வது? நிப்பை லென்ஸில் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் தேய்த்து முனையை மெல்லிதாக்கிக் கொடுத்தேன். மெல்லிய கோட்டில் சிறிய எழுத்து அழகாகத் தெரியும். எழுதிப் பார்த்தவள், "அட, இப்ப எறும்பு பள்ளிக்கூடம் போயிட்டு வந்துடுச்சு" என்றாள்.

அடுத்த மாதம் மை விளையாட்டு. எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் தானே ஒரு நிறத்தைக் கலந்து கொண்டுவர வேண்டும், அது எதைப் பார்த்துக் கலந்தது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்குப் புட்டி. அந்த முறை நான் கலந்து கொண்டுவந்தேன். பழுப்பு, அடியில் கொஞ்சம் பச்சை, காய்ந்த பிறகு ஓரத்தில் மட்டும் ஒரு பொன்னிழை. பாசிப்பழுப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

"பழைய டீ கப்போட அடி," என்றார் தொகுனாகா அம்மா.

"கோயில் கூரைத் தகடு, மழைக்கு அப்புறம்," என்றார் ஹமாசாகி. "நான் ஏறிப் பாத்திருக்கேன்."

"எலுமிச்சை இலை, ரெண்டு நாள் ஜன்னல்ல கிடந்தது," என்றாள் இயோரி.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நெருங்கியவர் ஹமாசாகிதான், கூரைத் தகடும் செம்புதானே. புட்டியை உங்கள் அக்காவிடமே கொடுத்தேன். "தோத்தவளுக்கு எதுக்கு?" என்றாள். அவள் எழுத்துக்குப் பொருந்தும் என்றேன். அதன் பிறகு அவள் வேறு மை தொடவில்லை. தீரத்தீர நானே கலந்து கொடுத்தேன்.

மாதாமாதம் வந்தாள். பிறகு மாதத்தில் இரண்டு முறை, இந்த வீட்டுக்கே. எழுத்து சிறுக்கச் சிறுக்க நிப்பை இன்னும் தீட்டுவேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் எழுதச் சொல்லி வாங்கி வைப்பேன், பேனாவின் முன்னேற்றத்தைப் பார்ப்பதற்கு என்று சொல்லி. குளிர்காலத்தில் கடல்சிப்பி கொடுத்தேன். இங்கே யார் வீட்டுக்குத்தான் சிப்பி போகாது, நானும் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதுதான். அவளுக்குக் கூடைநிறையக் கொடுத்தேன் என்பது உண்மை. "இவ்வளவு சிப்பி தின்னா நான் முத்து போட்டுடுவேன், டாக்டர்" என்று சிரித்தாள். கெய்ஜிக்கு மருத்துவர்கள் முதலில் விலக்கியது சிப்பியைத்தான். செம்பு அதில்தான் அதிகம். எங்கள் அம்மா அதன் பிறகு சிப்பி ஓட்டைக்கூட வீட்டில் வைத்ததில்லை.

தொகுனாகா அம்மா சொன்னது இரண்டாவது ஆண்டு கோடையில். வெளிச்சத்துக்காக இயோரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இந்தப் பக்கம் திரும்பு. உன் கண்ணு ஓரத்துல ஒரு வளையம் மாதிரி தெரியுதே. கண்ணாஸ்பத்திரில காட்டினியா?"

இயோரி என்னைப் பார்த்தாள். நான் நிப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன்: "தொகுனாகா அம்மா கடையில இந்த மாசம் வியாபாரம் மந்தம்னு நினைக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "போன மாசம் என் தலையிலயே ரெண்டு மூக்குக் கண்ணாடியைக் கட்டிட்டாங்க. எனக்கு இருக்கறது ஒரே மூக்கு" என்று ஹமாசாகி எடுத்துக்கொடுத்தார். தொகுனாகா அம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காக அவர் நேற்று என் முன்னால் அழுதார். அவர் மீது ஒரு தவறும் இல்லை. சிரிக்க வைத்தவன் நான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளாகவே மருத்துவமனையில் நாள் குறித்துக்கொண்டாள். நரம்பு மருத்துவர், ஃபுகுயாமாவில். முதல் நாள் மதியம் இங்கே வந்தாள். நீங்கள் இருக்கிற அதே இடத்தில் உட்கார்ந்தாள். பேனாவை நீட்டவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள்.

"டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன். பேனாவா, நானா?"

"ஏன் திடீர்னு?"

"சட்டைப் பொத்தான் போட நேரமாகுது. நேத்து எங்கம்மாகிட்ட ஃபோன்ல பேசினா, 'குடிச்சிருக்கியாடி'ங்கறாங்க. பேனாவால பேச்சு குழறுமா, சொல்லுங்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். பயந்தவர்கள் சிரிக்கிற மாதிரி, மூக்கால்.

கெய்ஜிக்குக் கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தாள். இப்படிச் சிறுத்துப்போகிற கைக்கு அகலமான கோடு போட்ட தாளைக் கொடுத்தால், மேல்கோட்டைத் தொடு, கீழ்கோட்டைத் தொடு என்று சொன்னால், எழுத்து சற்று நேரத்துக்குப் பெரிதாகிவிடும். கோடு கண்ணில் இருக்கும்வரை கை அதைக் கேட்கும். குணமானதாக அர்த்தமில்லை.

நான் நிப்பைக் கழற்றினேன். தடித்த, மை தாராளமாக இறங்குகிற வேறொன்றைப் பொருத்தினேன். அகலக் கோடு போட்ட தாளை முன்னால் வைத்தேன். "மேலயும் கீழயும் கோட்டைத் தொட்டு எழுதுங்க, நிப்பு புதுசு, அதுக்குப் பழகணும்" என்றேன்.

எழுதினாள். அந்த எழுத்துகள், சயோ சான், முழுசாக இருந்தன. வரியின் தொடக்கத்தில் இருந்த அளவு முடிவிலும் இருந்தது. தாளைக் கையில் எடுத்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"அப்ப பேனாதான்."

"பேனாதான்," என்றேன்.

"அந்த நிப்பு பொறம்போக்கால நான் செத்துடுவேன்னு நினைச்சேன் டாக்டர்."

என் முன்னாலேயே மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, வரவில்லை, மன்னியுங்கள் என்றாள். ஃபோனை வைத்துவிட்டு அதற்கும் ஒரு முறை தலை குனிந்து வணங்கினாள். அன்று தெருமுனைக் கடையில் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள், தன் காசில். சாப்பிடும்போது உங்களைப் பற்றித்தான் பேசினாள். தங்கை ஃபுகுவோகாவில் படிக்கிறாள், தன்னைவிடக் கெட்டிக்காரி, எழுத்துதான் கோழி கிண்டியது, ஒரு நாள் கூட்டிவருகிறேன், அவள் பேனாவையும் பாருங்கள் என்றாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். மண்டப வேலை போனது. போன வசந்தத்தில் படியில் விழுந்தாள். உங்கள் ஊர்ப்பக்கத்து மருத்துவர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார், அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அப்போதும் அவள் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். ஹமாசாகி கைபிடித்து இந்த வீட்டு மேட்டில் ஏற்றிவிடுவார். அவள் பேச்சு என் ஒருவனுக்குத்தான் புரிகிறது என்று என்னிடம் சொல்வார். எனக்குப் பழக்கமான பேச்சு அது. இந்தக் குளிரில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, அப்புறம்தான் பெரிய மருத்துவமனை, அப்புறம்தான் அந்த நோயின் பெயர்.

ஏன் என்று கேட்கிறீர்கள்.

கெய்ஜியின் கடைசி ஆண்டு நான் ஓசாகாவில் வேலையில் இருந்தேன். அவன் வீட்டில் படுத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தானாம், கை முற்றிலும் நிற்கும்வரை. நான் வந்து சேர்ந்தபோது பெட்டி மூடியாகிவிட்டது. அம்மா எல்லாத் தாள்களையும் அவனோடு வைத்துவிட்டார், ஒன்று விடாமல். உங்கள் அம்மா இப்போது நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். பெட்டியோடு எரித்த பிறகு எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பலில் தாள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவன் எழுத்து எப்படிச் சிறுத்தது என்பதன் தொடக்கத்தை மட்டுமே நான் பார்த்திருந்தேன். எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவருடைய எழுத்து இவ்வளவுதான், இதற்கு மேல் இல்லை என்று நிற்கிற அந்தக் கடைசிக் கோடு எப்படி இருக்கும்? இருபது ஆண்டுகளாக அதை மனத்தில் வரைந்து வரைந்து பார்த்தவன் நான்.

உங்கள் அக்கா என் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதியபோது, கெய்ஜி எந்த இடத்தில் நின்றானோ அங்கிருந்து தொடர்ந்து எழுதுவது போல இருந்தது. மருந்து கொடுத்திருந்தால் அது நின்றிருக்கும். அவள் எழுத்து மறுபடி அவளுடையதாகவே ஆகியிருக்கும். நல்ல எழுத்துதான். ஆனால் எங்கும் பார்க்கக் கிடைக்கிற எழுத்து.

நான் அவளைத் தொட்டதுகூட இல்லை. கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. அவளுடைய பேனாவை இந்த ஊரில் யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சந்தேகம் என்று முன்பு சொன்னேன். அது சரியான சொல் அல்ல. நிப்பின் பளபளப்பு தெரிவதற்காக விளக்கை மேசையில் பக்கவாட்டில் வைத்திருப்பேன். எதிரில் குனிகிறவர்களின் கண்ணிலும் அந்த ஒளி பக்கத்திலிருந்துதான் விழும். முதல் நாள், அவள் பெயரைக் கேட்பதற்கு முன்பே, அவள் பேனாவை நீட்டிக் குனிந்தபோதே கருவிழியின் ஓரத்தைப் பார்த்துவிட்டேன். பழுப்பு, அடியில் பச்சை, ஓரத்தில் பொன்னிழை. கெய்ஜியின் கண்ணில் அதை நான் பல மாதம் பார்த்திருக்கிறேன், தவற வாய்ப்பே இல்லை. வீட்டுக்குப் போய் அன்றே கலக்க உட்கார்ந்தேன். பார்க்காத நிறத்தை யாராலும் கலக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் அத்தனை பேரும் அந்த நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அது எதிரில் உட்கார்ந்து எலுமிச்சை இலை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆக, எனக்கு எப்போது தெரியும் என்ற கேள்விக்கு அதுதான் பதில். அவள் இறந்துபோவாள் என்று தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் இறக்க மாட்டாள் என்றும் தெரியும். மூன்று ஆண்டும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மூன்று ஆண்டும் அவள் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிட்டாள்.

காவல் நிலையத்தில் இதை இப்படியே சொல்கிறேன், நீங்கள் விரும்பினால். அவர்கள் எதை எந்தக் குற்றம் என்று எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இதோ, தாள்கள். நாள் வரிசையாக இருக்கின்றன. கடைசித் தாள் மேலே இருக்கிறது. அதன் ஓரத்தில் இருப்பதைத் தூசி என்று துடைத்துவிட வேண்டாம், அது எழுத்து. உங்கள் பெயராக இருக்கலாம் என்று நினைக்கிறேன், லென்ஸில் பார்த்தால் இரண்டு கோடு தெரிகிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்துபோகட்டும். எனக்கு இனி வேண்டியதில்லை, எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டேன்.

உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். போங்கள். சடங்குகள் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். பாருங்கள், நான் திருந்தாதவன் அல்ல.

பெட்டியில் வைக்கிற பொருள் என்றால் சுற்றிய தாளின் மேல் பெயர் எழுத வேண்டும். உங்கள் கையாலேயே எழுதுங்கள். இயோரிக்கு, தங்கை சயோவிடமிருந்து. உங்கள் பேனாவாலேயே எழுதலாம். மெதுவாக, அவசரமில்லை. விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துகிறேன்.

கோழி கிண்டியது என்று அவள் சொன்னது பொய். நல்ல எழுத்து. வரியின் கடைசிக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் சிறுக்கிறது.

அது பேனாவாகத்தான் இருக்கும். இங்கே வைத்துவிட்டுப் போங்கள், பார்த்து வைக்கிறேன்.